அளவெடுக்கத் தெரியாத கடையில் விலை உயர்ந்த ஷூ வாங்கலாமா?

கேள்வி: லண்டனில் ஜெர்மின் தெருப் பக்கம் அலுவலகத்துக்கு ஒரு நல்ல தோல் ஷூ வாங்கப் போனேன். ஒரு கடையில் இருந்த இளைஞர் என்ன சைஸ் என்று கேட்டார்; 9 என்றேன்; 9 கொண்டுவந்தார். சுண்டுவிரல் பக்கம் இறுக்குகிறது என்றதற்கு, ‘போட்டுப் பழகினால் தளர்ந்துவிடும்’ என்றார். ஐந்நூறு பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கிவிட்டேன். அடுத்த வாரம் நண்பருடன் வேறொரு கடைக்குப் போனேன். அங்கிருந்த பெண்மணி நண்பரின் இரண்டு கால்களையும் அளந்தார், பல ஜோடிகளைப் போட்டுப் பார்க்கவைத்தார், கடைசியில் ‘எங்களிடம் இருப்பது எதுவும் உங்கள் காலுக்குச் சரிவராது’ என்று அனுப்பிவிட்டார். ஏறக்குறைய ஒரே விலைக்கு விற்கும் கடைகளில் ஏன் இத்தனை வித்தியாசம்? என் ஷூ தளருமா?

பதில்: உங்கள் நண்பரை வெறுங்கையுடன் அனுப்பிய அந்தப் பெண்மணி தொழில் தெரிந்தவர். ‘இது உங்களுக்குப் பொருந்தாது’ என்று காரணத்தோடு சொல்ல முடிகிறதா என்பதை வைத்துத்தான் ஒரு ஷூ கடை விற்பனையாளரை நான் எடைபோடுவேன். ஆம்பூரில் ஷூவின் மேல்பாகம் தைக்கும் தொழிற்சாலையில் தொடங்கி, பிறகு இங்கிலாந்தில் வாடிக்கையாளர் காலடியில் மண்டியிட்டு வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். இங்கிலாந்தில் ஷூ தொழிலுக்குப் பெயர்போன நார்தாம்டன் நகரின் தொழிற்சாலைகளில் ஒரு ஜோடி ஷூ இருநூறுக்கும் மேற்பட்ட வேலைப்படிகளைக் கடந்து வருகிறது. முடிய எட்டு வாரம்கூட ஆகும். அவ்வளவு பேரின் உழைப்பும் கடைசியில் ஒருவர் கையில் வந்து நிற்கிறது. அவர் அரை சைஸ் தவறாகக் கொடுத்துவிட்டால் எல்லாம் வீண். அரை சைஸ் என்பது 4 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

தெரிந்தவர் எப்படி வேலை செய்கிறார் என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். உட்காரச் சொன்னதும் அவர் கை முதலில் போவது நீங்கள் கழற்றி வைத்த பழைய ஷூவுக்கு. குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, மேல்தோலில் மடிப்பு நேராக விழுந்திருக்கிறதா சாய்ந்து விழுந்திருக்கிறதா, உள்ளே குதிகால் படும் இடத்தில் லைனிங் கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பார். லைனிங் கிழிந்திருந்தால் அந்த ஷூ உங்களுக்குப் பெரிதாக இருந்திருக்கிறது, நடக்கும்போதெல்லாம் குதிகால் உரசியிருக்கிறது என்று அர்த்தம். மடிப்பு விரல்களை நோக்கித் தள்ளி விழுந்திருந்தால் வேறு கதை. நீங்கள் வாய் திறந்து ஒன்றும் சொல்வதற்கு முன்பே அவருக்குப் பாதி விவரம் கிடைத்துவிடுகிறது.

அதன் பிறகுதான் அளவுகோல். உலோகத் தகட்டில் கறுப்பு எழுத்துகளும் நகரும் பட்டைகளும் கொண்ட அந்தக் கருவியைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் சிரக்யூஸ் நகரில் குடும்ப ஷூ கடை நடத்திய வீட்டுப் பிள்ளையான சார்லஸ் பிரானாக் 1920களில் உருவாக்கியது அது. ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆகியும் பெரிய மாற்றமில்லாமல் புழக்கத்தில் இருக்கிறது. அதில் அளவு ஒன்றல்ல, மூன்று. குதிகாலிலிருந்து விரல் நுனி வரை ஒன்று. குதிகாலிலிருந்து பெருவிரல் மூட்டு வரை ஒன்று. பாதத்தின் அகலம் ஒன்று. அரைகுறையாகக் கற்றவர்கள் முதல் அளவை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடுவார்கள். நான் மதிக்கும் விற்பனையாளர்கள் எல்லோரும் இரண்டாவது அளவில்தான் நேரம் செலவிடுவார்கள்.

காரணம் இதுதான். நடக்கும்போது பாதம் மடங்குவது பெருவிரல் மூட்டில். ஷூவிலும் மடங்குவதற்கென்று ஒரு இடம் வைத்துத்தான் செய்திருக்கிறார்கள். அதற்குப் பின்னால், நடுப்பாதத்தின் அடியில், வளையாத ஷாங்க் பட்டை ஒன்று உண்டு. பாதம் மடங்கும் இடமும் ஷூ மடங்கும் இடமும் ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும். விரல்கள் குட்டையாகவும் பாத வளைவு நீளமாகவும் உள்ள ஒருவருக்கு மொத்த நீளம் 8 என்று காட்டும். மூட்டு வரையிலான நீளமோ 9 என்று காட்டும். அவருக்கு 8 கொடுத்தால் விரல் நுனியில் இடம் இருக்கும், போட்டதும் சரியாகத்தான் தோன்றும். ஆனால் அகலமாக இருக்க வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே, ஷூ குறுகலாக உள்ள பகுதியில், அவருடைய மூட்டு மாட்டிக்கொள்ளும். சில மாதங்களில் தோல் தவறான இடத்தில் மடிந்து, விரல்களின் மேல் பதியும். இரண்டு அளவில் எது பெரிதோ அதிலிருந்து தொடங்கு என்பது பிரானாக் கருவியோடு கூடவே வந்த பாடம். அதைச் சொல்லித்தர ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தைக்கூடத் தங்கள் ஊழியர்களுக்காகச் செலவிடாத கடைகள் ஐந்நூறு பவுண்டு விலை போடுகின்றன என்பதுதான் எனக்கு ஆறாத கோபம்.

உட்கார்ந்தபடி அளப்பதும் தவறு. எழுந்து நின்று உடல் எடை இறங்கும்போது பாதம் நீள்கிறது, பரவுகிறது. இரண்டு காலையும் அளக்க வேண்டும். பெரும்பாலோருக்கு ஒன்று மற்றதைவிடச் சற்றுப் பெரிது. பெரிய காலுக்கு ஷூ கொடுத்துவிட்டு, சின்னக் காலுக்கு உள்ளே ஒரு மெல்லிய பட்டை வைத்துச் சரிசெய்யலாம். எதிர்த்திசையில் சரிசெய்ய வழியே இல்லை.

இனி அகலம். உங்கள் சுண்டுவிரல் வலிக்கு வேர் பெரும்பாலும் இங்கேதான். தமிழர்களுக்கு இது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். வெறுங்காலோடும் செருப்போடும் வளர்ந்த பாதம் முன்பக்கம் விரிந்திருக்கும். இது வெறும் கேள்விப்பட்ட பேச்சல்ல: 2009இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் முன்னின்று வெளியிட்ட ஓர் ஆய்வு, தென்னிந்தியாவில் வழக்கமாக வெறுங்காலுடன் நடப்பவர்களின் பாதங்களை ஷூ அணிபவர்களின் பாதங்களோடு ஒப்பிட்டு, வெறுங்காலர்களின் முன்பாதம் அகலமாக இருப்பதைக் காட்டியது. பாதம் பரந்து, குதிகால் மட்டும் ஒடுங்கி இருப்பது நம்மவர்களிடம் நான் அடிக்கடி பார்த்த அமைப்பு. இந்தக் காலோடு லண்டன் கடைக்குப் போனால் என்ன நடக்கிறது? அலமாரியில் இருப்பது பெரும்பாலும் நடுத்தர அகலம் மட்டுமே. அது இறுக்குகிறது என்று சொன்னால் விவரம் தெரியாதவர் ஒரு சைஸ் நீளமாகக் கொண்டுவருகிறார். முன்பக்கம் தளர்கிறது, உங்களுக்கும் நிம்மதி. பிறகு குதிகால் கழல்கிறது, ஷூ தவறான இடத்தில் மடிகிறது, ஆண்டு திரும்புவதற்குள் அலமாரிக்குப் போய்விடுகிறது. அகலத்தில் தேவைப்பட்டதை நீளத்தில் கொடுப்பதுதான் இந்தத் தொழிலில் தினமும் நடக்கும் பிழை.

இங்கிலாந்தில் அகலத்துக்கு எழுத்துகள் உண்டு. இ, எஃப், ஜி என்று போகும். ஆனால் எல்லோருக்கும் ஒரே எழுத்து ஒரே அர்த்தம் தருவதில்லை. க்ரோக்கெட் அண்ட் ஜோன்ஸ், எட்வர்ட் கிரீன் ஆகிய ஷூ நிறுவனங்கள் இரண்டிலும் ‘இ’ சாதாரண அகலம். லோக் நிறுவனத்தில் ‘எஃப்’ சாதாரண அகலம். அமெரிக்க ஷூவில் அந்த இடத்தில் ‘டி’ இருக்கும். ஒரு கடையில் ‘எஃப்’ போட்டவர் அடுத்த கடையிலும் ‘எஃப்’ கேட்டால், அதை அப்படியே எடுத்துக் கொடுக்காமல் ‘எந்தக் கம்பெனியின் எஃப்?’ என்று திருப்பிக் கேட்பவரிடம் நம்பி உட்காரலாம்.

உங்கள் 9 என்ற எண்ணும் இப்படித்தான். ஷூவை ஒரு அச்சின் மேல் இழுத்துத்தான் உருவாக்குகிறார்கள். தொழிலில் அதற்கு லாஸ்ட் என்று பெயர். ஒரே நிறுவனம் பத்துப் பன்னிரண்டு லாஸ்ட் வைத்திருக்கும். ஒன்றில் முனை உருண்டையாக, புறங்காலுக்கு இடம் அதிகமாக இருக்கும். இன்னொன்று நீண்டு, ஒடுங்கி, நாகரிகமாக இருக்கும். எட்வர்ட் கிரீனின் 202 பழைய ஆங்கில வடிவம், முன்பக்கம் தாராளம். அமெரிக்காவின் ஆல்டன் நிறுவனத்தில் பேரி என்ற லாஸ்ட் அளவைவிடப் பெரிதாகவே வரும்; அதில் பலர் அரை சைஸ் குறைத்துத்தான் வாங்குவார்கள். ஆகவே ‘உங்கள் சைஸ் என்ன’ என்பது பேச்சைத் தொடங்கிவைக்கும் கேள்விதான். அதிலேயே விற்பனையை முடித்தவர் உங்கள் காலைப் பார்க்கவே இல்லை.

‘தளர்ந்துவிடும்’ என்ற சொல்லுக்கு வருவோம். இதில் உண்மையும் உண்டு, அதனால்தான் ஆபத்து. நல்ல கன்றுத்தோல் பாதத்தின் அகலவாட்டில் கொஞ்சம் கொடுக்கும். ஓரத்தைச் சுற்றி வெல்ட் என்ற தோல் பட்டை வைத்துத் தைத்த ஷூவில், பாதம் படும் இன்சோலுக்கும் அடிச்சோலுக்கும் நடுவே உள்ள குழிவில் கார்க் நிரப்பியிருப்பார்கள். உங்கள் எடைக்கு அது மெல்ல அமுங்கி, பாதத்தின் உருவம் அதில் பதியும். அதனால் உள்ளே ஆழம் சற்றுக் கூடும். ஆனால் நீளம் கூடாது. பெருவிரல் முனையில் இடித்தால் அது என்றைக்கும் இடிக்கும். மூட்டு தவறான இடத்தில் நின்றால் என்றைக்கும் அங்கேதான் நிற்கும். சுண்டுவிரல் சோலின் விளிம்பைத் தாண்டிப் பிதுங்கினால், தோல் தளர்ந்தாலும் அந்த விரலுக்கு அடியில் தாங்க ஒன்றும் கிடையாது. ‘எந்த இடம் தளரும், எவ்வளவு தளரும், எது தளராது’ என்று பிரித்துச் சொல்பவரை நம்புங்கள். மொத்தமாக ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்பவர் பில் போடும் அவசரத்தில் இருக்கிறார்.

அறியாமை இறுக்கமான ஷூவை மட்டும் தலையில் கட்டுவதில்லை. நல்ல பொருத்தத்தையும் கெடுத்துவிடும். வெல்ட்டை இயந்திரத்தால் தைக்கும் குட்இயர் முறையில் செய்த புதிய ஷூவின் சோல் விறைப்பாக இருக்கும். நடக்கும்போது அது பாதத்தோடு சேர்ந்து வளையாததால் குதிகால் சற்றே மேலெழும்பும். சோல் வளையப் பழகியதும் அது போய்விடும். இதைத் தெரியாதவர், குதிகால் எழும்புகிறது என்று நீங்கள் சொன்னவுடனே அரை சைஸ் சிறியதைக் கொண்டுவருவார். லேஸ் மடல்கள் முன்தோலுக்கு அடியில் தைக்கப்பட்டது ஆக்ஸ்போர்டு ஷூ; அதில் அந்த இரண்டு மடல்களுக்கு நடுவே புதிதில் ஒரு சின்ன இடைவெளி தெரிய வேண்டும். கார்க் அமுங்கியதும் அது மூடிக்கொள்ளும். புதிதிலேயே மடல்கள் ஒட்டிக்கொண்டால், ஆறு மாதத்தில் எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் பிடிப்பு இருக்காது. ‘அழகாக மூடிக்கொண்டது பாருங்கள்’ என்று அதைப் பாராட்டி விற்றவர்களை நானே பார்த்திருக்கிறேன். எதிர்ப்பக்கமாக, புறங்கால் உயர்ந்தவருக்கு இடைவெளி அகலமாக வாயைப் பிளந்து நிற்கும். அவரை ஆக்ஸ்போர்டிலிருந்து டெர்பிக்கு மாற்றுவதே முறை. டெர்பியில் மடல்கள் மேலே தனியாகத் தைக்கப்பட்டிருப்பதால் விரிந்து கொடுக்கும்.

தோல் பற்றிய அறியாமை காலைக் கெடுப்பதில்லை, பணத்தைக் கெடுக்கிறது. ஒரு பெரிய கடையில், பெயர் வேண்டாம், ஒருவர் கண்ணாடி போல் பளபளக்கும் கறுப்பு ஷூ ஒன்றைக் காட்டி, ‘இதுதான் எங்கள் தரத்திலேயே மேல், பாருங்கள், ஒரு துளைகூடத் தெரியவில்லை’ என்று விற்றுக்கொண்டிருந்தார். துளை தெரியாததற்குக் காரணம், தழும்புகளும் பூச்சிக்கடிகளும் உள்ள தோலின் மேற்பரப்பைத் தேய்த்து எடுத்துவிட்டு, மேலே பூச்சுப் பூசியிருப்பதுதான். மழையில் நன்றாக உழைக்கும், துடைத்தால் போதும். அதற்கும் ஓர் இடம் உண்டு. ஆனால் மடியும் இடத்தில் பூச்சு வெடிக்கத் தொடங்கினால் எந்தப் பாலிஷும் அதை மூடாது. தொழில் தெரிந்தவர் கட்டைவிரலால் தோலை மெதுவாக அழுத்திக் காட்டுவார். நல்ல கன்றுத்தோலில் முடியிழை போன்ற நுண்ணிய சுருக்கங்கள் தோன்றி, விரலை எடுத்ததும் மறையும். பூச்சுத் தோலில் சுருக்கம் தடித்து, மேல்தாள் தனியாக எழும்புவது போல் தெரியும். இந்தச் சோதனையை ஆம்பூரில் தோல் தரம்பிரிக்கும் மேசையில் எத்தனையோ பேர் நாள் முழுக்கச் செய்கிறார்கள். அதே தோல் ஷூவாகி லண்டன் கடைக்குப் போய்ச் சேரும்போது அதைச் செய்து காட்ட ஆள் இல்லாமல் போவது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

ஷெல் கார்டோவன் கேட்டுப் பார்த்தாலும் தெரிந்துவிடும். அது குதிரையின் பின்புறத்தில், தோலுக்குள் அடர்ந்திருக்கும் ஒரு நார்ப்படலத்திலிருந்து கிடைப்பது. 1905இல் சிகாகோவில் தொடங்கிய ஹார்வீன் தோல் ஆலையில் அதைப் பதப்படுத்த ஆறு மாதமாவது ஆகிறது. மடிப்பில் சுருங்காமல் அலை அலையாக உருளும். கார்டோவன் கேட்டால் கருஞ்சிவப்பு நிறக் கன்றுத்தோல் ஷூவை எடுத்துவந்து நீட்டும் ஊழியர் உண்டு. அந்த நிறத்துக்கும் அதே பெயர் புழங்குவதால் வரும் குழப்பம். விலை வித்தியாசமோ பல நூறு பவுண்டு.

தைக்கும் முறையைப் பற்றிக் கடைகளில் சொல்வதில் பாதி மிகை. ‘கையால் தைத்தது’ என்று சொல்லி விற்கப்படும் பெரும்பாலான ஆங்கில ஷூக்களில் வெல்ட் தைப்பது இயந்திரம்தான். அது குறையல்ல. இன்சோலின் அடியில் ஒட்டிய துணி விளிம்போடு இயந்திரம் வெல்ட்டைத் தைக்கிறது. உண்மையான கைத்தையலில் இன்சோல் தோலிலேயே கத்தியால் ஒரு வரம்பு செதுக்கி, அதன் வழியாக மெழுகு நூல் கோப்பார்கள். விலையில் பெரும் வித்தியாசம் வரும் வேலை இது. இத்தாலியில் அதிகம் காணப்படும் பிளேக் தையல், இன்சோலிலிருந்து அடிச்சோல் வரை நேராக ஊடுருவுவது. மெல்லியது, இலகுவானது, ஆனால் ஈரம் உள்ளே ஏற வழியுண்டு. எது மேல் என்று ஒரு வரியில் தீர்ப்புச் சொல்பவரைவிட, ‘நீங்கள் மழையில் நடப்பவரா, காரில் போய்வருபவரா’ என்று கேட்பவர் மேல்.

ஷூ பிறந்த ஊர் விஷயத்திலும் நேர்மை வேண்டும். பிரிட்டிஷ் பெயர் தாங்கிய ஷூக்கள் சிலவற்றின் மேல்பாகமோ முழு ஷூவுமோ இந்தியாவில் தைக்கப்படுகிறது. லோக் நிறுவனம் இங்கிலாந்தின் கெட்டரிங்கில் செய்யும் வரிசையையும் இந்தியாவில் செய்யும் வரிசையையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறது. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியின் கைத்திறனுக்கு இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆவாரம்பட்டையில் பதனிட்ட நம்மூர்த் தோல், ‘இ.ஐ.’ (ஈஸ்ட் இந்தியா) என்ற பெயரில், சென்னைத் துறைமுகத்திலிருந்து லண்டன் ஏலச் சந்தைக்குப் போனது பழைய வரலாறு. ‘இது எங்கே செய்தது?’ என்று கேட்டால், தெரிந்த விற்பனையாளர் ‘மேல்பாகம் அங்கே, சோல் இங்கே’ என்று நேராகச் சொல்வார். தெரியாதவர் தடுமாறுவார், அல்லது எல்லாமே நார்தாம்டன் என்பார்.

சரி, ஏன் இந்த வித்தியாசம்? இதில் அந்த இளைஞரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிரிட்டனில் ஒரு தலைமுறையே பள்ளி திறக்கும் முன் கிளார்க்ஸ் கடைக்குப் போய்க் கால் அளந்து ஷூ வாங்கி வளர்ந்தது. ஷூ பொருத்துபவர்களுக்குப் பயிற்சி தர 1959இல் ஒரு சங்கமே அங்கே உருவானது. ஜப்பானில் ஷூ பொருத்துபவருக்குத் தனிச் சான்றிதழ் இருக்கிறது. டோக்கியோவின் ஷின்ஜுகுவில் இசெட்டான் ஆண்கள் கடையின் ஷூ தளத்துக்குப் போனவர்கள் அந்த மரியாதையை நேரில் பார்த்திருப்பார்கள். ஆறு வயதுப் பிள்ளையின் மலிவான பள்ளி ஷூவுக்கு அளவெடுத்த நாட்டில், வளர்ந்தவரின் ஐந்நூறு பவுண்டு ஷூவுக்கு அளவெடுக்காமல் விற்பது கண் பரிசோதிக்காமல் மூக்குக்கண்ணாடி விற்பது போன்றது. ஆனாலும் நடக்கிறது, ஏனெனில் நாகரிக உடை நிறுவனங்களின் கடைகளில் ஷூ என்பது கைப்பைக்கும் வாசனைத் திரவியத்துக்கும் பக்கத்தில் இருக்கும் இன்னொரு அலமாரி. ஊழியர் இன்று பெல்ட் பகுதியில், நாளை ஷூ பகுதியில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வடிவம் மாறுகிறது, லாஸ்ட் மாறுகிறது, கற்றது பழசாகிவிடுகிறது. அவருக்குக் கற்றுத்தரப்படுவது பிராண்டின் கதை. சம்பளமோ, லண்டன் வாடகைக்கு ஈடுகொடுக்க முடியாத சம்பளம். கையில் தொழில் ஏறுவதற்குள் வேலையை விட்டுப் போய்விடுகிறார்.

கமிஷன் விஷயம் இருபுறமும் வெட்டும். கமிஷனுக்கு விற்பவர், இருப்பில் உள்ள சைஸை எப்படியாவது காலில் ஏற்றத்தான் பார்ப்பார் என்பது பொதுவான எண்ணம். ஆனால் 1901இல் சியாட்டிலில் ஷூ கடையாகத் தொடங்கிய நார்ட்ஸ்ட்ராம், கமிஷனிலேயே பெரிய பெயர் எடுத்த கடை. அங்கே கால் அளப்பது வழக்கம். அதே வாடிக்கையாளர் திரும்ப வந்தால்தான் விற்பவருக்கு வருமானம். திருப்பி எடுத்துக்கொண்ட ஷூவின் கமிஷன் பிடிக்கப்படுமென்றால், பொருந்தாததை யாரும் விற்க மாட்டார்கள். நிர்வாகம் எதை எண்ணிக் கணக்கு வைக்கிறதோ அதைத்தான் ஊழியர் செய்வார். ஜெர்மின் தெருவில் தொழிற்சாலை நடத்துபவர்களே வைத்திருக்கும் கடைகளில் பொதுவாக நிலைமை நன்றாக இருப்பதற்கும் இதுவே காரணம்: சோல் மாற்ற வரும் ஷூ மீண்டும் அதே கூரைக்கு வருகிறது, தவறாகப் பொருத்தியது அங்கே மடிப்பிலேயே அம்பலமாகிவிடும்.

கருவி வந்தால் எல்லாம் சரியாகும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1920களிலிருந்து பல பத்தாண்டுகள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஷூ கடைகளில் எக்ஸ்ரே பெட்டிகள் இருந்தன. ஷூவோடு காலை உள்ளே விட்டால் எலும்புகள் பச்சையாக ஒளிரும். பிள்ளைகள் அதற்காகவே கடைக்குப் போனார்கள். கதிர்வீச்சின் தீங்கு தெரிந்து 1957இல் பென்சில்வேனியா மாநிலம் முதலில் தடை செய்தது, மற்றவையும் தொடர்ந்தன. எலும்பு எங்கே இருக்கிறது என்று காட்டிய அந்தப் பெட்டியால், தோல் எங்கே இறுக்குகிறது என்று சொல்ல முடியவில்லை. அதை விரலால் தடவித்தான் அறிய வேண்டும். இப்போது வரும் முப்பரிமாண ஸ்கேனர்கள் தீங்கற்றவை, அளவும் துல்லியமாகத் தரும். ஆனால் இந்தப் பாதத்துக்கு இந்த லாஸ்ட் என்று முடிவுசெய்ய, அந்தக் கடையின் ஒவ்வொரு லாஸ்ட்டையும் பல நூறு கால்களில் பார்த்த ஒருவர் பக்கத்தில் வேண்டும்.

இன்னொரு வகை அறியாமையையும் சொல்லாவிட்டால் பதில் ஒருதலைப்பட்சமாகிவிடும். லாஸ்ட் எண், தோல் ஆலையின் பெயர், நிறுவனம் தொடங்கிய ஆண்டு எல்லாம் மனப்பாடமாகச் சொல்லும் விற்பனையாளர்கள் பெருகிவருகிறார்கள். சர்ச்ஸ் 1873, க்ரோக்கெட் 1879, எட்வர்ட் கிரீன் 1890 என்று அடுக்குவார்கள், காலைத் தொடமாட்டார்கள். வாங்க வருபவர்களும் இப்படிப் படித்துவிட்டு வந்து, கடைக்காரரைத் தேர்வு வைத்து மடக்கப் பார்க்கிறார்கள். ஒரு லாஸ்ட் எண் தெரியவில்லை என்பதற்காக, இருபது ஆண்டு கால் பார்த்த ஒருவரை மட்டம்தட்டி எழுந்துபோன வாடிக்கையாளரை நான் அறிவேன். போனவருக்குத்தான் நஷ்டம்.

எனவே நீங்கள் அடுத்த முறை போகும்போது பிற்பகலில் போங்கள். அப்போதுதான் பாதம் தன் முழு அளவில் இருக்கும். அந்த ஷூவோடு அணியப்போகும் சாக்ஸைப் போட்டுக்கொள்ளுங்கள். வழக்கமாக அணியும் பழைய ஷூவிலேயே செல்லுங்கள், அவர் அதைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். சைஸை நீங்களாகச் சொல்லாமல் ‘அளந்து பாருங்கள்’ என்று சொல்லுங்கள். அந்த நொடியில் அவர் முகம் மலர்கிறதா, அளவுகோல் எங்கே என்று தேடுகிறாரா என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. ஒரே ஜோடியோடு வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். அளந்த அளவில் ஒன்று, அரை சைஸ் கூடவோ அகலம் கூடவோ ஒன்று என்று இரண்டு பெட்டியோடு வருபவர், தன் அளவையும் காலில் சோதித்துப் பார்க்கும் பழக்கம் உள்ளவர். ஷூ ஹார்ன் வைத்துக் காலை நுழைத்து, லேஸை அவரே கட்டி, எழுந்து நிற்கச் சொல்லி, மூட்டின் இருபுறமும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். நடக்கச் சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார், குதிகாலைப் பார்ப்பார். அப்படி ஒருவர் கிடைத்தால் அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர் கடை மாறினால் நீங்களும் மாறுங்கள்.

இப்போது உங்கள் 9. வெளியே தரையில் இன்னும் நடக்கவில்லை, சோலில் கீறல் இல்லை என்றால் நாளைக்கே பெட்டியோடும் ரசீதோடும் எடுத்துச் செல்லுங்கள். நேரில் வாங்கிய, பழுதில்லாத பொருளைத் திருப்பி எடுத்தாக வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் பிரிட்டனில் இல்லை. ஆனாலும் அணியாத ஷூவைப் பெரும்பாலான நல்ல கடைகள் மாற்றித் தரும். அங்கே அதே நீளத்தில் ஓர் அகலம் கூடுதலாகக் கேளுங்கள், நீளத்தைக் கூட்ட விடாதீர்கள். ஏற்கெனவே நடந்துவிட்டீர்கள் என்றால், வீட்டில் ஷூவைப் போட்டு நின்று பாருங்கள். சுண்டுவிரல் சோலின் விளிம்புக்குள்ளேயே இருந்து, தோல் மட்டும் அழுத்துகிறது என்றால், ஷூ பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து அந்த இடத்தை மட்டும் விரித்து வாங்கலாம். சில மில்லிமீட்டர் கிடைக்கும், பல நேரம் அதுவே போதும். விரல் விளிம்பைத் தாண்டிப் பிதுங்கினாலோ, மடிப்பு பெருவிரல் மூட்டில் விழாமல் விலகி விழுந்தாலோ, விரிப்பதற்குச் செலவழிக்காதீர்கள். புதிதாக இருக்கும்போதே, ஒல்லியான பாதம் உள்ள யாருக்காவது விற்றுவிடுங்கள்.